டிராம் மறைத்த அந்த நொடிகளுக்கு நன்றி

ஹென்ரியெட்டெ பிமென்டல் அம்மாவுக்கும், வால்டர் சுஸ்கின்ட், யோஹான் வான் ஹுல்ஸ்ட் ஐயாக்களுக்கும், பெயர் தெரியாமலே போன மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மடல் உங்கள் கைக்கு வராது. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள் நான். இரண்டு வயசுக் குழந்தையைப் பத்து நிமிஷம் அழாமல் வைத்திருப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது நெதர்லாந்தில், யூதக் குழந்தைகளைக் காப்பாற்ற நீங்கள் அதை எஸ்.எஸ். என்ற நாஜிப் படைக் காவலர்களின் கண்ணெதிரே செய்தீர்கள்.

1942 கோடையில் ஆம்ஸ்டர்டாமின் ஒரு நாடக அரங்கை, பிடித்துவந்த யூதர்களை அடைத்துவைக்கும் இடமாக நாஜிகள் மாற்றினார்கள். அங்கிருந்து வெஸ்டர்போர்க் முகாம், அப்புறம் ரயிலில் ஆஷ்விட்ஸ் அல்லது சோபிபோர் கொலை முகாம். குழந்தைகளை மட்டும் பிரித்து எதிர்ச்சாரியில் இருந்த காப்பகத்தில் விட்டார்கள். பிமென்டல் அம்மா, அது நீங்கள் பல வருஷமாக நடத்திவந்த காப்பகம்.

தெருவில் டிராம் வந்து நின்றால், எதிரே நிற்கும் காவலனுக்குக் காப்பக வாசல் தெரியாது. அந்தச் சில நொடிகளில் ஒரு பெண் குழந்தையோடு வெளியே வந்து, டிராமை ஒட்டியே நடந்து, அடுத்த நிறுத்தத்தில் ஏறிவிடுவாள். சில குழந்தைகள் முதுகுப்பையிலும் துணிக்கூடையிலும் போனார்கள். சிலர் பின்பக்கத் தோட்டத்து வேலிக்கு மேலே கை மாறி, வான் ஹுல்ஸ்ட் ஐயாவின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குள் போனார்கள். இந்தப் பக்கம் அரங்கின் நிர்வாகத்தைப் பார்த்துவந்த சுஸ்கின்ட் ஐயா பதிவேட்டிலிருந்து அந்தப் பெயர்களை எடுத்துவிடுவார். ஏட்டில் இல்லாத பிள்ளையை யார் தேடுவார்கள்? இப்படிப் பிழைத்தவர்கள் ஏறத்தாழ 600 பேர்.

அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? காப்பகத்துப் பெண்கள் அரங்குக்குப் போய், "குழந்தையை எங்களிடம் விடுகிறீர்களா?" என்று ரகசியமாகக் கேட்பார்கள். எங்கே போகும், யார் வளர்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் மாட்டேன் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சரி என்ற தாய்மார்களில் சிலர், போர்வைக்குள் ஒரு பொம்மையைச் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி வண்டி ஏறினார்கள். காவலர்கள் கண்ணுக்கு அது குழந்தையாகத் தெரிய வேண்டுமே. காப்பாற்றியவர்களைப் போற்றும் எந்தப் பட்டியலிலும் அவர்கள் இல்லை. என் நன்றியில் முதல் பங்கு அவர்களுக்குத்தான்.

பிமென்டல் அம்மா, உங்களை 1943 ஜூலையில் கொண்டுபோய் செப்டம்பரில் கொன்றுவிட்டார்கள். சுஸ்கின்ட் ஐயா, உங்கள் மனைவியையும் சின்ன மகளையும் ஆஷ்விட்ஸ் தின்றது. 1945 பிப்ரவரியில் நீங்களும் போய்விட்டீர்கள். யூத இனப்படுகொலையை நினைவுகூரும் இஸ்ரேலின் யாத் வஷேம் அமைப்பு, யூதர்களைக் காப்பாற்றியவர்களுக்கான பட்டம் கொடுத்து 1972 இல் வான் ஹுல்ஸ்ட் ஐயாவைக் கௌரவித்தது. அந்தப் பட்டம் யூதர் அல்லாதவர்களுக்கு மட்டும் என்பதால் யூதர்களான உங்கள் இருவருக்கும் கிடையாது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

வான் ஹுல்ஸ்ட் ஐயா, 107 வயது வரை வாழ்ந்தீர்கள். நாஜிகள் காப்பகத்தைக் காலி செய்த அந்தக் கடைசி நாளில் உங்களால் 12 பிள்ளைகளைத்தான் கூட்டிப்போக முடிந்தது. மிச்சம் நின்ற பிள்ளைகளை வயதான காலத்திலும் நினைத்து நினைத்துப் பேசினீர்கள்.

அப்புறம் லிம்பர்க்கிலும் ஃப்ரீஸ்லாந்திலும் கதவு திறந்த வீட்டுக்காரர்களே. கறுத்த முடிப் பிள்ளைகளைத் தெற்கே லிம்பர்க்குக்கும், வெளுத்த முடிப் பிள்ளைகளை வடக்கே ஃப்ரீஸ்லாந்துக்கும் அனுப்புவார்களாம், ஊரோடு கலந்துவிட வேண்டும் என்று. யாராவது கேட்டால், "ரோட்டர்டாமில் குண்டு விழுந்து வீடு போன பிள்ளை" என்று சொல்லிச் சமாளித்தீர்கள். புதுப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழக்கினீர்கள். ஏற்கெனவே பல வாய்கள் இருந்த வீட்டில் இன்னொரு தட்டு வைத்தீர்கள்.

1945 இல் போர் முடிந்தது. உயிரோடு வந்த அம்மாவோ, சித்தியோ, முன்பின் பார்க்காத உறவினரோ வாசலில் வந்து நின்றார்கள். மூன்று வயதுப் பிள்ளை உங்கள் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அதற்குத் தெரிந்த அம்மா நீங்கள்தான். பிள்ளையை விட மனசு வராமல் வழக்கு வரை போன வீடுகளும் உண்டு. மற்றவர்கள் துணிமணியை மடித்துக் கட்டி, முகம் கழுவித் தலை வாரி, அந்தக் குட்டிக் கையைப் பிடித்து இன்னொருவர் கையில் வைத்தீர்கள். அந்தக் காலையில் தலை வாரிவிட்ட கைகளுக்கு என் நன்றி.