வேனிஷும் டூமும் இல்லாமல்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. ஃபைனல் ஃபேண்டஸி 6 என்ற பழைய வீடியோ விளையாட்டை மறுபடியும் தொடங்கியதையும், பாதிக்கு மேல் போனபின் அலுத்துப்போய் நிறுத்திவிட்டதையும் எழுதியிருந்தாய். வயதாகிவிட்டது, பழைய ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும்) விளையாட்டுகள் இனி நமக்குச் சுவைக்காது என்று நீ வந்திருக்கும் முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அதே கடிதத்தில், எதிர்ப்பட்ட பாஸ்கள் என்னும் முதன்மை எதிரிகளையெல்லாம் வேனிஷ் (மறையவைப்பது), டூம் (உடனே கொல்வது) என்ற இரண்டு மந்திரங்களை அடுத்தடுத்து ஏவியே முடித்துவிட்டதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். உன் அலுப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1994-இல் வந்த மூலப் பதிப்பில், வேனிஷால் மறைந்திருப்பவர்மீது ஆயுத அடி படாது, மந்திரம் மட்டும் தவறாமல் படும். அந்தத் "தவறாமல்" என்பதை நிரல் அளவுக்கு மீறிக் கடைப்பிடித்ததால், உடனடி மரணம் தீண்டக் கூடாத பாஸ்கூட டூமில் விழுந்துவிடுகிறான். அது ஒரு பக், அதாவது நிரல் பிழை. 2006-இல் வெளியான கேம் பாய் அட்வான்ஸ் பதிப்பில் அதைத் திருத்திவிட்டார்கள். அந்த விளையாட்டில் வெறியர் கோபுரம் ஒன்று வருமே, நினைவிருக்கிறதா? உள்ளே நுழைந்தால் ஆயுதத்தால் அடிக்க முடியாது, மந்திரத்தை நம்பித்தான் சண்டையிட வேண்டும். உச்சியில் இருக்கும் மந்திரவாதி தன் பலவீனத்தை மாற்றிக்கொண்டே இருப்பான், சாகும்போது அல்டிமா என்ற பேரழிவு மந்திரத்தை ஏவி எல்லோரையும் கூட்டிக்கொண்டு போகப் பார்ப்பான். யாருக்கு மந்திரம் கற்றுத்தரும் எந்த எஸ்பரைக் கொடுத்து எந்த மந்திரத்தைப் பழக்குவது, இறந்தாலும் உடனே எழுப்பிவிடும் மந்திரத்தை யார்மீது முன்கூட்டியே போட்டுவைப்பது என்று ஏறுவதற்கு முன்பே யோசிக்கவைக்கும் இடம் அது. எல்லாச் சண்டைக்கும் விடை முன்பே கையில் இருக்கிறது என்ற நினைப்போடு ஏறுகிறவனுக்கு அந்த யோசனை தோன்றவே போவதில்லை.

பழைய ஆர்பிஜிகள் நம் விரல்களின் வேகத்தை அதிகம் கேட்பதில்லை. காட்சிகளும் இன்றைய கண்ணுக்கு எளியவை. கதையைத் தள்ளிவைத்துப் பார்த்தால் மிஞ்சுவது, இருக்கிற பொருள்களையும் திறன்களையும் வைத்து இந்தச் சண்டையை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வி ஒன்றுதான். ஆகவே, கையில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் வீணாக்கிவிடக்கூடிய ஒன்று கிடைத்தால், அது பக் ஆனாலும் சரி, பரிசாகவே வந்தாலும் சரி, அதை ஒதுக்கி வைத்துவிடுவது என்று நான் தீர்மானித்திருக்கிறேன்.

வலிமையானவை எல்லாமே விலக்க வேண்டியவை என்று இதற்குப் பொருள் கொள்ளாதே. ஃபைனல் ஃபேண்டஸி 5-இல், லெவல் ஐந்தால் வகுபடும் எதிரிகளைக் கொல்லும் நீல மந்திரம் ஒன்றும், எதிரியின் லெவலைப் பாதியாக்கும் இன்னொன்றும் உண்டு. இரண்டையும் இணைத்து, எந்த எதிரியின் லெவலைப் பாதியாக்கினால் ஐந்தால் வகுபடும் என்று கணக்குப் போட்டு வீழ்த்துவதைக் குறுக்குவழி என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு எதிரிக்கும் அங்கே புதிதாக யோசிக்க வேண்டியிருக்கிறது. 2002-இல் வந்த மோரோவிண்ட் என்ற ஆர்பிஜியின் ரசவாதமோ வேறு கதை: அறிவைக் கூட்டும் மருந்தைக் காய்ச்சிக் குடித்தால் அடுத்த மருந்து அதைவிட வீரியமாக வரும், அதைக் குடித்து இன்னொன்றைக் காய்ச்சலாம், இப்படியே எண்கள் வானத்தை முட்டும் வரை போகலாம். அதைக் கண்டுபிடிக்கும் மாலைப்பொழுது அருமையாகத்தான் இருக்கும், மறுநாளிலிருந்து அந்த விளையாட்டு நடக்கும் தீவு முழுவதும் உயிரற்றதாகிவிடும்.

விளையாட்டே கொடுத்ததை ஏன் மறுக்க வேண்டும் என்று நீ கேட்பாய். ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸை எடுத்துக்கொள். நான்காம் அத்தியாயத்தில் வந்து சேரும் ஆர்லாண்டோவிடம் எக்ஸ்காலிபர் வாளும், எல்லா வகை வாள் திறன்களும் இருக்கின்றன. கதைப்படி அவர் பெரும் வீரர், வலிமையாக இருப்பதில் தவறில்லை. ஆனால் அவரைக் களத்தில் இறக்கிய நாளிலிருந்து, மூன்று அத்தியாயங்களாக நாம் வளர்த்த வில்லாளியும் மந்திரவாதியும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அவரை அழைத்துக்கொள்வேன், மரியாதையாக முகாமிலேயே உட்காரவைப்பேன். ஃபைனல் ஃபேண்டஸி 8-லும் இப்படித்தான். சீட்டாட்டத்தை மனமார ஆடுவேன், வென்ற சீட்டுகளை மந்திரங்களாக மாற்றித் தொடக்கத்திலேயே உடல் வலிமையைக் குவித்துக்கொள்ள மாட்டேன். ஃபைனல் ஃபேண்டஸி 7-இல் வட்டமேசை வீரர்கள் என்ற பெரும் மந்திரத்தை மட்டும் தாராளமாக அழைக்கலாம், தங்கச் சோகோபோ என்ற பறவையை வளர்த்து அந்த மந்திரத்தைத் தரும் மெட்டீரியாக் கல்லை எடுப்பதற்குள் விளையாட்டு கேட்க வேண்டியதையெல்லாம் பெரும்பாலும் கேட்டு முடித்திருக்கும்.

நேரமில்லை என்ற உன் குறையில் நியாயம் இருக்கிறது. சண்டையை வேகமாக ஓட்டும் வசதி இருந்தால் தயங்காமல் பயன்படுத்து. அது காத்திருப்பைத்தான் குறைக்கிறது, முடிவெடுப்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் சுற்றி லெவல் ஏற்றுவதைத்தான் நான் ஐயத்தோடு பார்க்கிறேன். உழைப்புப் போலத் தோன்றினாலும் அதுவும் எண்ணைக் கூட்டிக் கேள்வியை அழிக்கும் வேலைதான். 2023-இல் விளையாட்டுக் கருவிகளுக்கு வந்த, பழைய ஃபைனல் ஃபேண்டஸிகளைப் புதுப்பித்த பிக்சல் ரீமாஸ்டர் பதிப்புகளில் அனுபவப் புள்ளிகளை நான்கு மடங்காக்கும் தெரிவு இருக்கிறது, பூச்சியமாக்கும் தெரிவும் இருக்கிறது. நான்கு மடங்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பூச்சியத்தின்மீதுதான் ஆசை.

என் செய்தி என்று சொன்னால், ஃபைனல் ஃபேண்டஸி 5-ஐ நான்கு தொழில்களோடு (பாத்திரங்கள் ஏற்கும் வேலைகளோடு) மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறேன். மூலப் பதிப்பில் 22 தொழில்கள் இருக்கின்றன. அவற்றை விருப்பம்போலக் கலந்து, நிஞ்ஜாவின் இரட்டை ஆயுதத்தையும் வில்லாளியின் சரமாரி அடியையும் ஒருவனிடமே சேர்த்துவிட்டால் பிற்பாதி எளிதாகிவிடும். அதனால் கதையில் வரும் ஒவ்வொரு படிகமும் தரும் தொழில்களில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்வது என்று பலர் ஆண்டுதோறும் ஆடும் முறையை நானும் கைக்கொண்டேன். எனக்கு விழுந்தவை திருடன், பெர்செர்க்கர், பாடகன், மருந்தாளன். பெர்செர்க்கர் நாம் சொல்வது எதையும் கேட்க மாட்டான். முறை வந்ததும் கோடாரியை ஓங்கிவிடுவான். அடித்தால் ஆபத்தாகத் திருப்பித் தாக்கும் எதிரிகளிடம் அவனைக் கட்டுப்படுத்துவது எப்படி என்பதே ஒரு தனிச் சிக்கல். சில வேளை அவனை இறந்தவனாகவே கிடக்கவிட்டு மற்ற மூவரை வைத்துச் சண்டையை முடிக்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் நான் திரும்பிக்கூடப் பார்க்காத பாடகனின் பாட்டுகள் இப்போது உயிரைக் காக்கின்றன. மருந்தாளனின் கலவைகள் எல்லை மீறி வலிமையானவை என்பது எனக்குத் தெரியும். ஆனால் குலுக்கலில் விழுந்ததை மாற்றுவதில்லை என்று தொடங்கும்போதே முடிவு செய்திருந்தேன், ஆகவே அவனை வைத்துக்கொண்டிருக்கிறேன். லெவலை ஏற்றும் கலவையை மட்டும் தொடுவதில்லை.

நீயும் விதிகளை ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே வைத்துக்கொள், இரண்டு போதும். நடுவில் தோற்று நிற்கும்போது ஏற்படுத்தும் விதி நமக்குச் சாதகமாகத்தான் அமையும். 6-ஐ விட்ட இடத்திலிருந்தே தொடரலாம், பழைய சேமிப்பை அழிக்கத் தேவையில்லை. வேனிஷைப் பாஸ்கள்மீது ஏவாதே, வெறியர் கோபுரத்துக்கு வழிகாட்டியைப் பார்க்காமல் போ. உன் கோபுரக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், யாரிடம் என்ன எஸ்பர் இருக்கிறது என்று எழுது. நான் கிழ மந்திரவாதி ஸ்ட்ராகோவை நிச்சயமாகச் சேர்ப்பேன், நீ சேர்க்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
இளங்கோ