பெயரை எழுதச் சொல்லிவிட்டுப் பாகுபாட்டை அளப்பதா?

மதிப்பிற்குரிய சுகாதாரத் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். எங்கள் மருத்துவமனைச் செவிலியரிடையே பாகுபாடு ஏதும் இல்லையெனக் கருத்துக்கணிப்பில் உறுதியாகியிருப்பதாகச் சென்ற மாத ஆய்வுக் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணிப்பு நடந்த விதத்தைத் தாங்கள் அறிய வேண்டும்.

காலையில் அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுத்து, அதாவது நோயாளிகளின் விவரங்களை ஒப்படைத்து முடித்த நேரத்தில் கண்காணிப்பாளர் அம்மா படிவங்களை வார்டுக்கே கொண்டுவந்தார். முதல் வரியில் பெயர், அடுத்து பணியாளர் எண், அதன் கீழே ஒரே கேள்வி: 'பணியிடத்தில் பாகுபாடு உள்ளதா? ஆம் / இல்லை.' நாங்கள் நிரப்பும்வரை அவர் மேசையருகிலேயே நின்றிருந்தார். என் பக்கத்தில் இருந்த ஒப்பந்தச் செவிலியர் ஏழு மாதக் கர்ப்பிணி. அந்த மாதம் அவருக்கு 14 நைட் டியூட்டி, நிரந்தரப் பணியில் உள்ள எனக்கு 6. அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதற்குக் கையெழுத்திட வேண்டியவரும் அந்த அம்மாதான். பேனாவைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, 'இல்லை'யில் குறியிட்டு, என்னிடம் நீட்டினார். நானும் 'இல்லை' என்றே குறியிட்டேன்.

2015இல் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில், இரண்டாண்டில் பணி நிரந்தரம் என்ற உறுதியோடு எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களின் கதை தாங்கள் அறியாததன்று. அதை இங்கே விரிக்கவில்லை. ஆனால் ஒரே வார்டில், ஒரே வேலையை, இரு வேறு ஊதியத்துக்குச் செய்பவர்களிடம் பாகுபாடு உண்டா என்று கேட்பதற்குப் படிவம் அச்சடித்தவரின் துணிச்சலை வியக்காமல் இருக்க முடியவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று நோயாளியிடம் 'ஆம், இல்லை' கேட்டு எழுதிவிட்டுப் போனால் எங்களுக்கு மெமோ வரும்.

பொறுத்தருள்க, கோரிக்கைக்கு வருகிறேன். மருத்துவமனை நிர்வாகத்தைச் சாராத ஒரு குழுவைக் கொண்டு, பெயரும் எண்ணும் இல்லாத படிவத்தில் கணக்கெடுங்கள். 'பாகுபாடு' என்ற சொல்லே அதில் வேண்டாம், நடந்ததைக் கேளுங்கள். கடந்த ஆறு மாதத்தில் நோயாளிகள் முன்னிலையில் ஒருமையில் அழைக்கப்பட்டீர்களா, 'எந்த ஊர், எந்தத் தெரு' என்று விசாரிக்கப்பட்ட பிறகு உங்களிடம் பேசும் விதம் மாறியதா, கேட்ட விடுப்பு எத்தனை முறை மறுக்கப்பட்டது என்று கேளுங்கள். எங்கள் வாய்மொழியை நம்பத் தயக்கமிருந்தால் டியூட்டி ரோஸ்டரும் மெமோ பதிவேடும் அலுவலகத்திலேயே இருக்கின்றன. நைட் டியூட்டியும் மெமோவும் நிரந்தரப் பணியாளருக்கு எத்தனை, ஒப்பந்தப் பணியாளருக்கு எத்தனை என்று எண்ணிவிடலாம். இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை 2015 முதல் இன அடிப்படையில் இப்படித்தான், யார் மீது ஒழுங்கு நடவடிக்கை அதிகம் பாய்கிறது என்பதையும் சேர்த்து அளந்து, ஆண்டுதோறும் வெளியிடுகிறது. நம் முடிவுகளும் பணிநிலை வாரியாக வெளியிடப்பட வேண்டும்.

இவை அனைத்தும் உடனே இயலாதெனில், அடுத்த படிவத்தில் பெயருக்கும் எண்ணுக்குமான இரண்டு வரிகளையாவது நீக்கித் தருமாறும், நிரப்பும் வேளையில் மேலதிகாரி எவரும் அருகில் நிற்காதபடி உத்தரவிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
'இல்லை' என்று குறியிட்ட ஒரு செவிலியர்