கஞ்சாவும் தினசரிப் பழக்கமும்

ஐயா, கஞ்சாவை அனுமதித்த நாடுகள் குறித்த தங்கள் தலையங்கம், புதிதாகப் பழகுவோரின் எண்ணிக்கையோடு நின்றுவிட்டது. வாரத்தில் எத்தனை நாள் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 2022-இல் ஏறக்குறைய தினமும் கஞ்சா பயன்படுத்தியோர் 1.77 கோடி; அதேபோல் மது குடித்தோர் 1.47 கோடி. கஞ்சாவை அனுமதிக்கும் சட்டம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது, சரி. ஆனால் கடை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊருக்கு மதுக்கடை வந்த பிறகு, அறுவடைக் கூலி வாங்கிய அன்று மட்டும் குடித்தவர்கள், நடவு நாளிலேயே மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

அரசு மருத்துவமனைகளின் போதை மீட்புப் பிரிவுகள், வருவோரிடம் வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டுப் பதிந்து, அந்தக் கணக்கை மாவட்டவாரியாக வெளியிடலாம்.

– ஒரு வாசகர், மன்னார்குடி