முப்பத்தெட்டுப் பேர்

காவேரிப்பட்டினம்
மாசி 20, செவ்வாய் இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். பாட்டிக்கு மூட்டுவலி வழக்கம்போல. அமாவாசை நெருங்கினால் கூடுகிறது என்கிறாள், நெருங்காவிட்டாலும் கூடுகிறது. மாமரங்கள் இந்த முறை நன்றாகப் பூத்திருக்கின்றன. பிஞ்சு நிற்குமா, கூழ் ஆலைக்காரர்கள் என்ன விலை சொல்வார்கள் என்பதெல்லாம் இனிமேல்தான் தெரியும். நீ தொண்டையைப் பார்த்துக்கொள். காலையில் வெந்நீர் குடி. முப்பத்துமூன்று ஆண்டு வகுப்பில் கத்தியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

இரண்டு வாரத்துக்கு மேலாக நீ அம்மாவோடு மட்டும் பேசிவிட்டுப் போனை வைத்துவிடுகிறாய். "அப்பா தோட்டத்திலா? சரி, இருக்கட்டும்" என்கிறாயாம். நான் தோட்டத்தில் இல்லை. கூடத்தில், அம்மாவுக்கு நாலடி தள்ளி, செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் இருமல் உனக்குக் கேட்டிருக்கும். குறையாகச் சொல்லவில்லை. பரீட்சை நேரம், உனக்கும் வேலை இருக்கும்.

பள்ளி ஆண்டு விழாவில் நான் பேசிய பேச்சைச் சித்தப்பா குடும்பக் குழுவில் போட்டிருந்தாரே, பார்த்திருப்பாய். அத்தை கைகூப்பும் படம் போட்டாள். ஓசூர் மாமா மூன்று பூங்கொத்து போட்டார். ஒன்றும் போடாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெரியப்பா, அவருக்குக் கண் சரியில்லை.

ஓய்வு பெற்றவனை அழைத்து மேடையில் உட்காரவைத்து, சால்வை போர்த்தி, பேசு என்றால் அவன் எதைப் பேசுவான்? அந்தக் கொரோனா ஓராண்டைத்தான் பேசினேன். அதில் பெருமைப்பட ஒன்றுமே இல்லையா? மார்ச் 27-ல் தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வு ஜூன் 1, ஜூன் 15 என்று தள்ளிப்போய், 2020 ஜூன் 9-ல் ரத்தே ஆனது. காலாண்டு, அரையாண்டுக்கு எண்பது, வருகைக்கு இருபது என்று கணக்குச் சொன்னபோது நானும் கணக்கு ஆசிரியரும் பீரோவைக் கவிழ்த்து விடைத்தாள் தேடினோம். எலி கடித்த கட்டு ஒன்றை நீதான் ஒட்டிக்கொடுத்தாய். கணக்கு ஆசிரியர் தர்மபுரியிலிருந்து வர இ-பாஸ் வேண்டியிருந்த நாட்களில், பாஸ் கிடைக்காவிட்டால் மாவட்ட எல்லையில் நின்றுகொண்டு போனில் கணக்குச் சொல்லுவார். அவர் குரலை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு நீ பலகையில் எழுதுவாய். இதையெல்லாம் இப்போது சொன்னால் பிள்ளைகள் கதை என்கிறார்கள்.

மே மாதத் தொடக்கம் வரை தமிழ்நாட்டிலேயே தொற்று இல்லாத பச்சை மண்டலமாக இருந்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டம் ஒன்றுதான். அந்தப் பெருமையில் ஊரே தெருவில் நின்றது. ஆனால் அதற்குள் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போயிருந்த குடும்பங்கள் அத்திப்பள்ளி தாண்டி நடந்தே வந்து சேர்ந்திருந்தன. கையில் காசில்லை, வீட்டில் அரிசியில்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, நல்ல பாடம்தான். கேபிளுக்குப் பணம் கட்டாத வீட்டில் அதை யார் பார்ப்பது? போன் இருந்த பிள்ளைகள் சிக்னலுக்காகக் கரட்டில் ஏறிப் பாறைமேல் காக்கைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

மாந்தோப்பு வகுப்பு உன் யோசனை. மேடையில் 'நாங்கள்' என்றுதான் சொன்னேன். உன்னைச் சொன்னால் மகளைப் புகழ்கிறான் என்பார்கள். பி.எட். பாதியில் நிற்க வீட்டில் இருந்த பெண், பழைய பிளக்ஸ் பேனரின் பின்பக்கம் கறுப்பு பெயின்ட் அடித்து மரத்தில் கட்டினாள். ஆறடிக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம். செந்தூரா மரத்தடியில் பத்தாம் வகுப்பு, பெங்களூரா மரத்தடியில் ஒன்பது. கூட்டம் கூடக்கூடாது என்ற காலம். விசாரிக்க வந்த ஏட்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் தன் மகனைக் கொண்டுவந்து கடைசி வட்டத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனார். இல்லம் தேடிக் கல்வி என்று அரசு தொடங்கி, தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தது 2021 அக்டோபரில். அதற்கு ஓராண்டு முன்பே நீ செய்தாய், காசு வாங்காமல், எறும்புக்கடியோடு. இதை நான் யாரிடமும் சொல்லாமல் இல்லை. உன்னிடம்தான் சொல்லவில்லை.

சத்துணவு ஆயாவையும் மேடையில் சொன்னேன். அடுப்பு அணைந்துவிட்டது, இனி வேலையில்லை என்று அவர் உட்காரவில்லை. அரிசியும் பருப்பும் அளந்து கொடுக்கும்போதே எந்த வீட்டில் எத்தனை நாள் உலை வைக்கவில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். 2021 ஜனவரி 19-ல் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டும் திறந்தபோது ஐந்து பையன்கள் வரவில்லை. ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றப் போய்விட்டார்கள் என்று அவர்தான் துப்புக் கொடுத்தார். மண்டிக்காரரிடம் நான் சண்டை போட்டேன், பிறகு கெஞ்சினேன். விடியற்காலை பெட்டி ஏற்றுவது, பத்து மணிக்குப் பள்ளி என்று ஒப்பந்தம் ஆனது. தக்காளிச் சாறு காயாத சட்டையோடு வந்து வரிசையில் நின்றார்கள். வகுப்புக்கு இருபத்தைந்து பேர்தான் உட்காரலாம், ஆளுக்குச் சத்து மாத்திரை. அந்த ஐவரில் ஒருவன் இப்போது மின்வாரியத்தில் இருக்கிறான். போன பொங்கலுக்குக் கரும்பு கொண்டுவந்தான்.

"முப்பத்தெட்டுப் பேரும் தேறினார்கள், ஒரு பிள்ளையைக்கூட நாங்கள் விட்டுவிடவில்லை" என்று முடித்தேன். பலத்த கைதட்டல்.

நீ அந்த இடத்தில்தான் காணொளியை நிறுத்தியிருப்பாய்.

தாளில் அது பொய் இல்லை, பாப்பா. 2021 பிப்ரவரி 25-ல் ஒன்பது, பத்து, பதினொன்று எல்லோருக்கும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். சான்றிதழில் மதிப்பெண்கூட இல்லை, தேர்ச்சி என்ற ஒரு சொல்தான். பெயர்ப்பட்டியலில் முப்பத்தெட்டுப் பெயர் இருந்தது, முப்பத்தெட்டும் தேறியது. கிணற்றுமேட்டு வீட்டுப் பேத்தியின் பெயரும் அதில் இருந்தது. நான் நீக்கவில்லை. நீக்கினால் ஏன் என்று எழுத வேண்டும்.

நீயும் ஒன்றும் குறைந்தவள் அல்ல. ஐந்து ஆண்டாக மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். படிப்பு முடிந்ததும் கோவையில் வேலை என்று பெட்டியைத் தூக்கினாய். இங்கே கிருஷ்ணகிரியிலேயே கிடைத்ததை வேண்டாம் என்றாய். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வந்து இரண்டு நாள்தான் இருந்தாய். காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறினாய். இப்போதும் சாப்பிடாமல்தான் போகிறாய் என்று அம்மா சொல்கிறாள். வெறும் வயிற்றோடு நான்கு பாடவேளை நின்றால் தொண்டை என்னவாகும்?

எழுத வேண்டியதை விட்டு எங்கெங்கோ போகிறேன்.

அந்த ஆவணியில் ஆயா வந்து, நாளை விடியலில் கிணற்றுமேட்டு வீட்டில் கல்யாணம், பொங்கல் சாம்பார் வைக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னது உன்னிடம். ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்பதால் செலவு மிச்சம் என்று ஊரில் வரிசையாகக் கல்யாணம் வைத்துக்கொண்டிருந்த மாதம் அது. பெங்களூரு வேலை போய் வந்த அப்பன், இரண்டு பெண், கேட்டு வந்தவர்கள் நகை வேண்டாம் என்றார்கள். உனக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவளுக்குப் பதினைந்து வயது அப்பா, குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், நீங்கள் தலைமை ஆசிரியர், நீங்கள் சொன்னால் வருவார்கள்" என்றாய். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் என்று ஆண்டோடு சொன்னாய். நான் "பார்க்கலாம், போய்ப் படு" என்றேன்.

தோப்பு அவள் தாத்தாவுடையது. இது உனக்குத் தெரியும். நான் என்ன கணக்குப் போட்டேன் என்பது தெரியாது. போன் போனால் அதிகாரிகள் வருவார்கள், கல்யாணம் நிற்கும், மறுநாள் தோப்புக் கதவு சாத்தப்படும். நாற்பது பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? ஒரு பக்கம் நாற்பது, ஒரு பக்கம் ஒன்று. அந்தக் கணக்கு அன்றிரவு எனக்குச் சரியாகத்தான் வந்தது. அந்தப் பெரியவரோடு முப்பது ஆண்டுப் பழக்கம் என்பதையும், நாளை அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதையும் நான் அந்தக் கணக்கில் சேர்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

நீ கேட்காததை இப்போது சொல்கிறேன். அன்றிரவு உன் போனைச் சார்ஜ் போடுகிறேன் என்று வாங்கினேன் அல்லவா? சார்ஜ் போடவில்லை. அணைத்து என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நீ நள்ளிரவில் கூடத்துக்கு வந்து சார்ஜர் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாய். என் கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாய். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். குறட்டை விட்டேன், பாப்பா. வேண்டுமென்றே குறட்டை விட்டேன். விடியலில் மேளச் சத்தம் கேட்ட பிறகு எடுத்துச் சமையலறை ஜன்னலில் வைத்தேன்.

மாலையில் போய் மொய் எழுதினேன். ஐந்நூறு ரூபாய். அந்த வீட்டு மொய் நோட்டில் தலைமை ஆசிரியர் என்று போட்டு என் பெயர் இருக்கும். அந்தப் பெண் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்பது மாதிரி. அடுத்த திங்கள் தோப்பில் அவள் சுண்ணாம்பு வட்டத்தை நீ அழிக்கவில்லை. மழைதான் அழித்தது.

விழாவுக்கு மறுநாள் பள்ளிக்குப் போய், பழைய சான்றிதழ் வழங்கிய பதிவேட்டைக் கேட்டேன். புதிய தலைமை ஆசிரியர் நல்ல மனிதர், ஏன் என்று கேட்கவில்லை. முப்பத்தேழு கையெழுத்து. ஒரு கட்டம் காலி. சான்றிதழ் பழுப்பு உறைக்குள் அப்படியே இருக்கிறது. அவளே வந்து கையெழுத்துப் போட்டால்தான் கொடுக்கலாம்.

போன சனிக்கிழமை தேன்கனிக்கோட்டை போய், அங்கிருந்து அஞ்செட்டி பஸ் பிடித்தேன். அம்மாவிடம் பென்ஷன் வேலை என்று சொன்னேன். வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டேன். எதிரே டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அவள் இடுப்பில் ஒரு குழந்தையோடு குடம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பெரியவன் நாலு வயதிருப்பான், பின்னால் வந்தான். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

பங்குனி முதல் சனிக்கிழமை மறுபடியும் போகிறேன். பதிவேட்டில் உன் பெயர் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள், பிளஸ் ஒன் சேரலாம் என்று சொல்வது சுலபம். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவள் உன் பேச்சைக் கேட்பாள். நீ வருவதானால் வெள்ளிக்கிழமை பகலிலேயே சேலம் வழியாகக் கிளம்பு, இரவு பஸ் வேண்டாம். கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் நிற்கிறேன். வராவிட்டாலும் போவேன்.

அம்மாவுக்குப் போன் விஷயம் இன்னும் தெரியாது. இதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து நானே சொல்கிறேன். நீ முந்திக்கொள்ளாதே.

அப்பா

பி.கு.: கேழ்வரகு மாவு இரண்டு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன். காலையில் கூழாவது குடித்துவிட்டுப் போ.