ஊர்க் கபடிப் போட்டி நடத்தும் விழாக்குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள விழாக்குழுவினருக்கும் அணி மேலாளர்களுக்கும்,

வணக்கம். பொங்கல் பிறந்துவிட்டால் டெல்டாவில் ஏதாவது ஓர் ஊரில் மின்னொளிக் கபடி நடக்காத வாரக்கடைசி கிடையாது. கைக்காசு போட்டு, வசூல் செய்து, இரவெல்லாம் கண்விழித்து நீங்கள் நடத்தும் போட்டிகள்தான் இந்த ஆட்டத்துக்கு ஆள் கொடுக்கின்றன. தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் 40 வயதைக் கடந்தும் புரோ கபடியில் ஆடினார். 2025 ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிகளில் வடுவூர் அபினேஷும் கண்ணகி நகர் கார்த்திகாவும் இருந்தார்கள். அந்த உரிமையோடுதான், இயன்முறை மருத்துவராக இருக்கும் நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: முட்டியில் அடிபட்ட பையனை அன்று இரவு மறுபடியும் களத்தில் இறக்காதீர்கள்.

திங்கட்கிழமை காலையில் என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் கதை அநேகமாக ஒன்றுதான். பாடிப் போய்த் திரும்பும்போது பாதம் மேட் விரிப்பில் பதிந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது, முட்டிக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம். பல நேரம் எதிரணி ஆள் தொட்டிருக்கவே மாட்டார். மண்தரையில் பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். ஷூ போட்டு மேட் விரிப்பில் ஆடும்போது அந்தச் சலுகை இல்லை, திருகல் முழுவதையும் முட்டி வாங்கிக்கொள்கிறது. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி பனங்காய் போல வீங்கினால், உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். முன்பக்க ஜவ்வு, அதாவது ஏ.சி.எல்., அறுந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

அந்த நேரத்தில் களத்தோரம் என்ன நடக்கிறது? ஸ்பிரே அடிக்கிறோம். யாராவது ஒரு பெரியவர் எண்ணெய் போட்டு நீவி, காலை இழுத்து ‘எடுத்து’ விடுகிறார். கிரேப் பேண்டேஜைச் சுற்றிக் காலிறுதி ஆட்டத்துக்கு இறக்கிவிடுகிறோம். முதல் இரண்டு மூன்று நாளைக்கு நீவுவதும் சூடு வைப்பதும் கசிவைக் கூட்டத்தான் செய்யும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், அழுத்தமான கட்டு, காலை உயர்த்தி வைத்தல், பாரம் ஊன்றாமல் வீடு சேர்த்தல், இவ்வளவுதான் அப்போது தேவை. பிறகு எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இதில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. சில வாரத்தில் வீக்கம் வடிந்து பையன் நடக்கிறான், வண்டி ஓட்டுகிறான். ஆறிவிட்டது என்று எல்லோரும் நம்புகிறோம். அடுத்த போட்டியில் திரும்பும்போது முட்டி நழுவுகிறது. ஒவ்வொரு நழுவலிலும் உள்ளே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு, அதாவது மெனிஸ்கஸ், நசுங்கிக் கிழிகிறது. அறுந்த ஜவ்வுக்குப் பதில் வேறு ஜவ்வு வைக்கலாம். வெட்டியெடுத்த மெனிஸ்கஸ் திரும்ப வளராது. இருபது வயதில் இப்படி ஆடிய முட்டி நாற்பதுக்குள் தேய்ந்துபோகிறது.

அறுவை சிகிச்சை செய்தவர்களை 9 மாதத்துக்கு முன்னால் ஆடக் கூப்பிடாதீர்கள். ‘ஆறு மாசத்துலயே ஓடுறானே’ என்பீர்கள். நேராக ஓடுவது வேறு, ஏழு பேருக்கு நடுவே திரும்பிப் பாய்வது வேறு. ஒற்றைக் காலில் தாவும் தூரமும் தொடையின் பலமும் நல்ல காலுக்குக் கிட்டத்தட்டச் சமமாகும்வரை பொறுக்கத்தான் வேண்டும்.

இனி உங்கள் கையில் மட்டுமே இருக்கிற விஷயம். மாலையில் தொடங்கும் நாக் அவுட் போட்டியின் இறுதி ஆட்டம் விடியற்காலை நான்கு மணிக்கு நடக்கிறது. தூக்கமில்லை, சாப்பாடு சரியில்லை, எடைப் பிரிவுக்காக முந்தின நாளிலிருந்து தண்ணீரைக் குறைத்த பையன்கள் ஐந்தாவது ஆட்டம் ஆடுகிறார்கள். களைத்த தொடை முட்டியைக் காப்பாற்றாது. அணிகளைக் குறையுங்கள், அல்லது இரண்டு நாளாகப் பிரியுங்கள். ஓர் அணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேரைப் பதிய விடுங்கள். மாற்று ஆள் இல்லாததால்தான் பாதி பேர் நொண்டிக்கொண்டே ஆடுகிறார்கள். மைக்கில் அணி பெயரைக் கூப்பிட்ட ஐந்தாம் நிமிடம் விசில் ஊதாமல், உடம்பைச் சூடேற்ற நேரம் கொடுங்கள்.

மேலாளர்களுக்கு: கால்பந்தாட்டக்காரர்களுக்காக ஃபிஃபா வகுத்த ‘11 பிளஸ்’ பயிற்சிக்கு 20 நிமிடமும் ஒரு பந்தும் போதும். ஓட்டம், ஒற்றைக்கால் சமநிலை, தாவி முட்டி உள்ளே மடங்காமல் இறங்குவது, பின்தொடைக்கு வலுவூட்டுவது. பந்தை விட்டுவிட்டால் கபடிக்கும் அப்படியே பொருந்தும். போட்டியன்று மட்டும் செய்து பயனில்லை, வாரம் இரண்டு முறையாவது பயிற்சியில் செய்ய வேண்டும். பெண்கள் அணி வைத்திருப்பவர்கள் இதை விடவே கூடாது; ஏ.சி.எல். அறுவது அவர்களுக்குக் கூடுதல்.

தலையில் அடிபட்டுத் தடுமாறினாலோ, ஸ்கோர் என்ன என்று தெரியாமல் விழித்தாலோ, அன்று அவருக்கு ஆட்டம் முடிந்தது. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஓர் இளைஞர் களத்திலேயே உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். விழுந்தவர் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிராமல் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இதைப் பழகிய இரண்டு பேராவது ஒவ்வொரு விழாக்குழுவிலும் இருக்க வேண்டும்.

அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும்போது விதிமுறைகளோடு இன்னொரு வரியைச் சேருங்கள்: ‘காயம்பட்டவர் அன்று மீண்டும் ஆட அனுமதியில்லை, விழாக்குழுவின் முடிவே இறுதியானது.’ அணிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அப்போது காட்ட அந்த வரி உங்களுக்கு வேண்டும்.

அன்புடன்,
உங்கள் போட்டிகளைக் களத்தோரம் நின்று பார்க்கும் ஓர் இயன்முறை மருத்துவர்