பழனி மலையில் ஆய்வு செய்யும் விஞ்ஞானிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம் எங்களுடையது. போன வருஷம் ஊரில் வாட்டில் என்கிற அயல்நாட்டு மரங்களை அகற்றுவது பற்றி ஒரு கூட்டம் நடந்தது. உங்களில் ஒருவர் திரையில் வரைபடம் போட்டார், எழுத்தெல்லாம் ஆங்கிலம். பக்கத்திலிருந்த பெரியம்மா என்னிடம், "தம்பி, நம்ம மாடு மேயிற இடம் இதுல எந்தக் கலரு?" என்றார். எனக்கும் தெரியவில்லை. "ஏதாவது சந்தேகம்?" என்றார் அதிகாரி, அதற்குள் டீ வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் தேடிப் படித்தேன். செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018இல் வந்த ஆய்வு, 40 ஆண்டுகளில் பழனி மலையின் புல்வெளியில் 66 சதவீதமும் சோலைக்காட்டில், அதாவது மலை மடிப்புகளில் தானாக வளர்ந்த அடர்காட்டில், 31 சதவீதமும் போய்விட்டதாகச் சொல்கிறது. கூட்டத்திலோ வெட்டிய இடத்தில் எந்தச் சோலை மரம் நடலாம் என்றுதான் பேச்சு. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று புல்வெளியில் வாட்டில் மரம் நட்டுத்தானே இந்த வினையே வந்தது! நீங்கள் அங்கேயே எழுந்து இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு துண்டில் வாட்டிலை வெட்டினார்கள். இரண்டு மழை கழித்துப் போனால், கீரைப்பாத்தி மாதிரி நெருக்கமாகக் கன்றுகள், கால் வைக்க இடமில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு கிடக்கும், வெயிலோ தீயோ பட்டால் கிளம்பும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பழைய வாட்டில் தோப்பு நிழலில் சோலைக் கன்றுகள் தானாக வருகின்றன என்று எழுதியதும் உங்கள் ஆட்கள்தான். அப்படியானால் எங்கே வெட்டுவது, எங்கே விடுவது, வருஷா வருஷம் கன்றைப் பிடுங்கப்போவது யார், விறகுக்கு அந்தத் தோப்பையே நம்பியிருக்கிற பெண்கள் எங்கே போவார்கள்?

முடிவை நீங்கள் எடுக்க வேண்டாம், அதை ஊரும் வனத்துறையும் சண்டை போட்டாவது எடுத்துக்கொள்கிறோம். வெட்டினால் என்ன ஆகும், விட்டால் என்ன ஆகும், பாதி வெட்டினால் என்ன ஆகும் என்று மூன்றையும் எங்கள் முன்னால் வையுங்கள். எது உறுதி, எது கணிப்பு என்று பிரித்துச் சொல்லுங்கள். உங்கள் சொந்த விருப்பத்தையும் தாராளமாகச் சொல்லலாம், அதை அறிவியல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே வாருங்கள், வரைபடத்தில் கவுஞ்சி, பூம்பாறை என்று ஊர்ப் பெயர்களைத் தமிழில் போட்டுக் கொண்டுவாருங்கள். பெரியம்மாவை முன்வரிசையில் உட்கார வைப்பது என் பொறுப்பு.