கூரை மேல் ஒரு பாட்டில் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியைச் சுற்றி, சிலிண்டர் மாதக் கடைசி வரை வருமா என்று பார்த்துப் பார்த்து அடுப்பு பற்றவைக்கிற வீடுகள்தான் அதிகம். குழந்தைக்குச் சளி பிடித்தால் தண்ணீர் காய்ச்சுவார்கள், சளி விட்டதும் நிறுத்திவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த வீடுகளுக்காக வெயிலைப் பற்றியும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து வெயிலில் வைத்துச் சுத்தம் செய்வது புது யோசனை அல்ல. பேதி கண்ட குழந்தைக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசலை வெயிலில் வைத்தே கிருமி நீக்கலாம் என்று 1980-லேயே பெய்ரூட்டில் அஃப்திம் அக்ரா என்ற பேராசிரியர் காட்டினார். எங்கள் வேலூரிலும் இது நடந்திருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 100 குழந்தைகளுக்கு வெயிலில் வைத்த தண்ணீரைக் கொடுத்து, அதே வயதுள்ள வேறு 100 குழந்தைகளோடு ஒப்பிட்டு, ஆறு மாதம் வாரா வாரம் வீடு தேடிப் போய் விசாரித்தார்கள். வழக்கமான தண்ணீர் குடித்தவர்களில் ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு 2.7 தடவை என்ற கணக்கில் வயிற்றுப்போக்கு வந்தது. வெயில் தண்ணீர் குடித்தவர்களுக்கு 1.7 தடவைதான். அந்த ஆய்வு 2006-ல் வெளியானது. அதில் இன்னொன்றும் இருக்கிறது. வெயில் தண்ணீர் கொடுத்த குழந்தைகளில் 86 சதவீதம் பேர் வேறு தண்ணீரும் குடித்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் இவ்வளவு குறைந்திருக்கிறது.

வெயிலில் வைத்த தண்ணீரும் வீட்டில் எப்படிக் கெட்டுப்போகிறது என்று நான் கண்ணால் பார்த்தவள். எங்கள் மையத்துக்கு வரும் ஒரு பையனின் பாட்டியிடம் விவரம் சொல்லி இரண்டு பாட்டில் கொடுத்தேன். நான் சொன்னபடியே தகரக் கூரையில் வரிசையாகப் படுக்க வைத்தார். சாயங்காலம் போனால் பாட்டில் காலியாகக் கிடக்கிறது. "சுடுதும்மா, புள்ள எப்படிக் குடிக்கும்? பானையில ஊத்தி வெச்சிட்டேன்" என்றார். நான் பார்க்கும்போதே பையன் ஓடி வந்து, மண்ணில் விளையாடிய கையோடு சொம்பைப் பானைக்குள் விட்டு மொண்டான். ஒரு நாள் வெயில் செய்த வேலை அந்த ஒரு சொம்பில் போயிற்று. அப்புறம்தான், ராத்திரி அதே பாட்டிலிலேயே ஆறவிட்டு, மறுநாள் பாட்டிலிலிருந்தே டம்ளரில் ஊற்றிக் கொடுக்கச் சொன்னேன். முந்தின நாள் பாட்டிலுக்கு அடையாளமாகக் கழுத்தில் ஒரு நூல். இப்போது அந்த வீட்டில் நாலு பாட்டில் மாறி மாறி ஓடுகிறது.

செய்முறையில் பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. சூடு ஏறினால் போதும் என்று நினைத்து எவர்சில்வர் குடத்தை வெயிலில் வைக்கிறார்கள். கிருமியைக் கொல்வது முக்கியமாக வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர். சூடு அதற்குத் துணைதான். கதிர் தண்ணீருக்குள் போக வேண்டும் என்றால் நிறமில்லாத குடிதண்ணீர் பாட்டில் வேண்டும், இரண்டு லிட்டருக்கு மேல் போகக் கூடாது. லேபிளை உரித்துவிட வேண்டும், கீறல் விழுந்து மங்கிப்போனால் மாற்ற வேண்டும். கலங்கல் தண்ணீர் என்றால் தெளியவைத்துத் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். நிறைத்த பாட்டிலைச் செய்தித்தாளின் தலைப்பு மேல் நிறுத்தி, வாய் வழியாகக் குனிந்து பார்த்தால் எழுத்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தத் தண்ணீர் இதற்கு ஆகாது. நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வைத்தால் போதும். பாதி வானத்துக்கு மேல் மேகம் மூடியிருந்தால் இரண்டு நாள். அடைமழை நாட்களில் காய்ச்சத்தான் வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். வெயில் கிருமியைத்தான் கொல்லும். தர்மபுரிப் பக்கத்துத் தண்ணீரில் உள்ள ஃபுளூரைடையோ, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நிலத்தடி நீரில் கலந்த தோல் கழிவையோ அது ஒன்றும் செய்யாது. அங்கே வேறு தண்ணீர்தான் வழி, அது அரசாங்கத்தின் பொறுப்பு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டிலை எப்படி நிரப்புவது, எப்படிப் படுக்க வைப்பது, எதிலிருந்து குடிப்பது என்று படம் போட்டு ஒரு முழுப் பக்கம் வெளியிடுங்கள். பெரிய எழுத்தில் இருக்கட்டும், பாட்டிமார்களும் படிக்க வேண்டும். அதை வெட்டி எங்கள் மையத்தில் எடை பார்க்கும் மேசைக்கு மேலே ஒட்டிவைக்கிறேன். மாதா மாதம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லா அம்மாக்களும் வந்து நிற்கிற இடம் அதுதான்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
வேலூர் மாவட்டம்